உனக்காக இன்னொருவர் நடந்த நடை

அன்புள்ள இளங்கோவனுக்கு,

இந்தத் தாளைப் பிரித்ததும் யார் எழுதிக் கொடுத்தது என்றுதான் நினைப்பாய். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உன் அப்பாவான நான் என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், சில இடத்தில் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கும், பொறுத்துக்கொள். நம் தெரு அங்கன்வாடியில் பிற்பகலில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற கலா, "முதல்ல யாருக்காவது ஒரு கடுதாசி எழுதுங்க பெரியப்பா, அப்பத்தான் கை பழகும்" என்றாள். எனக்கு எழுத உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. உன் அம்மா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி வேடிக்கை பார்க்கிறாள். "இந்நேரத்துக்கு ஒரு மா நிலம் நட்டுக் கரையேறியிருக்கலாம். இன்னும் 'அன்புள்ள'வையே தாண்டலயா?" என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எழுபது வயதைத் தாண்டியவனுக்குப் புதிதாக ஒரு சந்தோஷம் கிடைத்திருக்கிறது. அதை நான் அவசரப்பட்டுச் செலவழிப்பதாக இல்லை. இப்போதெல்லாம் திருவையாற்றில் பஸ்ஸுக்கு நின்றால், வருகிற பஸ் எல்லாவற்றின் பெயரையும் வாய்விட்டுப் படிக்கிறேன். எனக்கு வேண்டாத பஸ்ஸாக இருந்தாலும் படிக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் அவர்களுக்காகத்தான் படிக்கிறேன் என்று நினைத்து நன்றி சொல்கிறார்கள்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ "சரிப்பா" என்கிறாய். இரண்டாவது சொன்னால் "வச்சிடவாப்பா" என்கிறாய். அதுவும் போக, இதை நேரில் சொல்லவேண்டிய இடத்தில் நின்றே நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தவன். போன வாரம் மருமகள் போன் செய்தது உனக்குத் தெரியாது. உன் சர்க்கரைக்கு இனி மாத்திரை போதாது, ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாதத்தில் உணர்ச்சி குறைய ஆரம்பித்திருக்கிறது என்றும் சொன்னாராம். "தினமும் அவ்வளவு நடக்கிறாரே மாமா, போன்லயே காட்டுதே. டாக்டரும் அதப் பாத்துட்டு, இவ்ளோ நடந்தும் குறையலன்னா மருந்தக் கூட்டித்தான் ஆகணும்ங்கிறாரு. எங்க தப்புன்னே புரியல" என்று சொல்லி அழுதாள். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும். அவளிடம் நான் சொல்லவில்லை. அது உன் வாயால் வரவேண்டியது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கடிகாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். போன வருஷம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நின்றபோது எனக்குத் தலை சுற்றி, தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள் அல்லவா? அங்கே அந்தச் சின்ன டாக்டரம்மா, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு தாத்தா, தினம் நடக்கணும்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "நானாம்மா? நான் நடந்த நடைக்கு ரோடு தேஞ்சிருக்கும்" என்றேன். "அது எப்ப நடந்தது?" என்று ஒரே கேள்வி கேட்டாள். நாற்று நடுவதற்கு மெஷின் வந்துவிட்டது, அறுப்புக்கும் மெஷின். வயலுக்குப் போகவும் மொபெட், டீக்கடைக்குப் போகவும் மொபெட். டீக்கடை நம் வாசலில் இருந்து கூப்பிடும் தூரம். வரப்பில் உட்கார்ந்து மெஷின்காரனுக்குக் கை காட்டுவதைத்தான் நான் விவசாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அதைக் கேள்விப்பட்டு ஒரே மாதிரி இரண்டு கடிகாரம் வாங்கினாய், பச்சைப் பட்டை போட்டது. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. யார் எவ்வளவு நடந்தோம் என்று இரண்டு பேர் போனிலும் தெரியும்படி செய்தாய். "நீங்க அங்க நடங்க, நான் இங்க நடக்கிறேன். யாரு முந்துறாங்கன்னு பாப்போம்" என்றாய்.

அந்தக் கடிகாரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் மெல்லத் தட்டும். முதல் நாள் பூச்சி என்று நினைத்து உதறினேன். பிறகு பழகிவிட்டது. உன் அம்மா தட்டி எழுப்பினால் ஆயிரம் காரணம் சொல்லுவேன், அதனிடம் சொல்ல முடியாது. எழுந்து வாய்க்கால் கரையில் நடந்தேன். ஆனால் நம் ஊரில் சும்மா நடப்பது சுலபமில்லை. ஒரு மனுஷன் காரியம் இல்லாமல் காலை வீசி நடந்தால், "என்ன மாமா, யாரோட சண்டை?" என்று கேட்கிறார்கள். "வீட்ல சோறு போடலயா?" என்று கேட்கிறார்கள். அதனால் தோளில் ஒரு மண்வெட்டியைப் போட்டுக்கொண்டேன், தண்ணீர் பார்க்கப் போகிறவன் மாதிரி. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாசத்திலும் மண்வெட்டியோடு தண்ணீர் பார்க்கப் போனேன். டீக்கடை மாணிக்கம் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கா மாமா, தேடித் தேடிப் போறீங்க?" என்றான். அன்றோடு மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டேன். இப்போது மாணிக்கமே கடையை மகனிடம் விட்டுவிட்டு மதகு வரைக்கும் கூட வருகிறான். அவனுக்கும் சர்க்கரைதான். டீயில் போடுகிற சர்க்கரையை அவனே தன் கிளாஸில் போடுவதில்லை என்பது ஊருக்குத் தெரியாது.

எண் எனக்கு எப்போதும் தெரியும், மூட்டை எண்ணி வளர்ந்தவன். எழுத்துதான் தெரியாது. அதனால் முதலில் அந்தப் போனில் மேலே இருக்கிற பெயர் யாருடையது, கீழே இருக்கிறது யாருடையது என்று மாணிக்கத்தின் மகனிடமோ கலாவிடமோ கேட்கவேண்டியிருந்தது. வகுப்புக்குப் போய்க் கொஞ்ச நாளில், ஒரு காலை, திண்டாடித் திண்டாடி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, இ, ள, ங், கோ என்று நானே படித்துவிட்டேன். உன் பெயருக்கு இவ்வளவு வளைவு இருக்கும் என்று தெரிந்திருந்தால் வைக்கும்போதே யோசித்திருப்பேன். உன் பெயர்தான் மேலே இருந்தது. அன்றும் மேலே, அடுத்த நாளும் மேலே. நான் எவ்வளவு நடந்தாலும் நீ எனக்கு மேலேதான். தோற்றுப்போவதில் இவ்வளவு சந்தோஷம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. மாணிக்கத்திடம் காட்டினேன், பஞ்சாயத்து கிளார்க்கிடம் காட்டினேன். "ஆபீஸ்ல நாள் பூரா வேலை பாத்துட்டு இவ்வளவு நடக்கிறான் பாருங்க" என்று சொல்லாத ஆள் இல்லை.

அப்புறம்தான் சம்பா அறுப்பு முடிந்து உன் வீட்டுக்கு வந்தேன். எனக்கு விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும், உனக்குத் தெரியும். இரண்டாம் நாள் எல்லோரும் தூங்கும்போது லிப்டில் இறங்கிக் கீழே நடக்கப் போனேன். பால் வண்டி வந்துகொண்டிருந்தது. உங்கள் கட்டடத்து வாட்ச்மேன் சுற்று வந்துகொண்டிருந்தார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. "தூக்கம் வரலயா பெரியவரே?" என்றார். "பழக்கம்ங்க" என்றேன். "வாங்க, நானும் கடைசிச் சுத்துதான்" என்று சேர்த்துக்கொண்டார். பேச்சுவாக்கில் நன்னிலம் பக்கம் என்றார். உடனே மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டோம். கார் நிறுத்துகிற இடத்தில் விளக்கடியில் வந்தபோதுதான் அவர் கையைப் பார்த்தேன். இடது கையில் இரண்டு கடிகாரம், வலது கையில் ஒன்று. பேண்டை மடித்துவிட்டு, ஒரு காலிலும் ஒன்று கட்டியிருந்தார்.

"என்னங்க, கடை வச்சிருக்கீங்களா?" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாம் நம்ம சாருங்க குடுத்ததுங்க. அவங்கவங்க ஆபீஸ்ல போட்டியாம், யாரு நெறைய நடக்கிறாங்கன்னு. அவங்களுக்கு எங்க நேரம்? நான் எப்படியும் சுத்துற ஆளு. நான் ஒருத்தன் நடந்தா நாலு பேருக்குச் சேருது. இந்தக் கால்ல கட்டுனதுதான் கொஞ்சம் அரிக்குது."

வலது கையில் இருந்தது பச்சைப் பட்டை. "இது யாரோடது?" என்றேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"ஏழாவது மாடி இளங்கோ சாரோடது. தங்கமான மனுஷன். பொங்கலுக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தாரு. காலைல வண்டி எடுக்க வரும்போது வாங்கிக் கட்டிக்குவாரு." பிறகு என் கையைப் பார்த்தார். "அட, உங்க கையிலயும் அதே மாதிரி இருக்கே. நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

"அஞ்சாவது மாடி" என்றேன். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

தம்பி, இப்போது எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது ஒரு பெருமை. என் மகனுக்காக நடக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று நெஞ்சு ஒரு நொடி நிமிர்ந்தது. அவரும் நம்மைப் போல ஒரு வயல்காட்டு ஆள்தான், அவருக்கும் முட்டி இருக்கிறது, வயது இருக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் உறைத்தது. அவரோடு மிச்சச் சுற்றையும் நடந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று ஊர் வந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன். அது என் அப்பாவிடமிருந்து வந்தது. நீ அவரைப் பார்த்ததில்லை.

என் அப்பா பண்ணையாள். மிராசுதார் வீட்டு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, பிழைத்தால் சமயபுரத்துக்கு நடந்தே வருகிறேன் என்று மிராசுதார் வேண்டிக்கொண்டார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அப்புறம்தான் மிராசுதாருக்கு வெயில் தெரிந்தது, காவிரிக் கரை நெடுக எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, "எனக்காக நீ நடடா" என்று அனுப்பிவைத்தார். அப்பா விரதம் இருந்து, செருப்பில்லாமல் நடந்தார். மிராசுதார் காரில் போய்க் கோயில் வாசலில் காத்திருந்தார். அப்பா துணியை அவிழ்த்து அவர் கையில் கொடுக்க, அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அப்பா வாசலோடு திரும்பி நடந்துவந்தார். இதை அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "போன நடை அவரு கணக்கு, வந்த நடை எங்கணக்கு" என்பார். அப்புறம், "ஆத்தாளுக்குத் தெரியாதா, யாரு கால்ல கொப்புளம்னு" என்பார். நான் அதைக் கேட்டுச் சிரித்ததே இல்லை. நமக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் அவன் யாருக்காகவும் நடக்கக் கூடாது, ஓடக் கூடாது, குனியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் உட்கார வேண்டும். உட்கார்ந்தபடி மற்றவர்களை நடக்கச் சொல்ல வேண்டும். அதுதான் விடுதலை என்று நினைத்தேன். அந்த வேண்டுதலில் பாதி சரி, பாதி தவறு என்று இப்போது தெரிகிறது. யாருக்காகவும் நடக்கக் கூடாது என்பது சரி. உனக்காக நடக்கவேண்டும் என்பதை நான் உனக்குச் சொல்லித்தரவே இல்லை.

நம் தெருவிலேயே முதல் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியது நான்தான், அது உனக்காக. நடவு நாளில் நீ நாற்றங்காலில் குதிக்க ஓடிவருவாய். உன்னைத் தூக்கி, காலைக் கழுவி, வரப்பில் அந்த நாற்காலியைப் போட்டு உட்காரவைப்பேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள், "ஆபீசரு வந்துட்டாரு, குலவை போடுங்கடி" என்று கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகவே கேட்காது. பள்ளிக்கூடம் நம் வாசலில் நின்றால் தெரியும். அதற்கும் சைக்கிளில் உட்காரவைத்துத்தான் கொண்டுபோனேன். தண்ணீர் வேண்டும் என்று நீ சொன்னால் உன் அம்மா ஓடுவாள், அவள் இல்லாவிட்டால் நான் ஓடுவேன். ஒன்பதாவது படிக்கும்போது உங்கள் விளையாட்டு வாத்தியார் வீடு தேடி வந்தார். "உங்க பையன் நல்லா ஓடுறாங்க. தஞ்சாவூர்ல போட்டி இருக்கு, என் பொறுப்புல அழைச்சிட்டுப் போறேன்" என்றார். நான் அவரை உள்ளே வரச்சொல்லக்கூட இல்லை. "எங்க வீட்ல எல்லாரும் ஓடித் தீத்தாச்சு சார். இவனாவது உக்காரட்டும்" என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். அன்று சாயங்காலம் பையன்கள் கூப்பிட்டும் நீ விளையாடப் போகவில்லை. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். மகன் திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டுச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தேன். நீ படித்தது நல்லதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓடிவிட்டு வந்தும் படித்திருப்பாய் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

அன்று காலை, வாட்ச்மேனைப் பார்த்துவிட்டு வந்த காலை, நீ செருப்பை மாட்டிக்கொண்டு ஏதோ வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே போய்த் திரும்பினாய். கையில் கடிகாரம் வந்திருந்தது. தோசைத் தட்டுக்கு முன்னால் போனை நீட்டி, "பாத்தீங்களாப்பா, இன்னிக்கும் நான்தான் முன்னாடி" என்றாய். என் பேத்தி பாப்பா கை தட்டினாள். உன் கண் என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிலேயே எனக்குப் புரிந்தது, பொய் உனக்கும் கசக்கிறது என்று. நான் கேட்டிருக்கலாம். தனியாக அழைத்துப் போயாவது கேட்டிருக்கலாம். "உன்னை எங்கடா பிடிக்கிறது" என்று சிரித்துவிட்டு இன்னொரு தோசை வாங்கிக்கொண்டேன். அன்று மாலை கரெண்ட் போய் லிப்ட் நின்றது. நாம் இரண்டு பேரும் காய்கறிப் பையோடு படியில் ஏறினோம். மூன்றாவது மாடியில் நீ உட்கார்ந்துவிட்டாய். முகம் வெளுத்திருந்தது. "ஷூ கயிறு அவுந்துடுச்சுப்பா" என்று குனிந்து காலைத் தடவினாய். அந்த ஷூவில் கயிறே இல்லை. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் முட்டி இழுக்குதுடா, கொஞ்சம் உக்காருவோம்" என்றேன். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. அப்பாவும் மகனும் ஒரே படியில் பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

இப்போது மருமகள் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. யோசித்துப் பார். நீ அவ்வளவு நடந்தும் சர்க்கரை குறையவில்லை என்று நம்பித்தான் அந்த டாக்டர் மருந்தைக் கூட்டுகிறார். அவர் பார்த்து மருந்து எழுதுவது நன்னிலத்துக்காரர் காலுக்கு. போட்டுக்கொள்ளப்போவது நீ. முதலில் மருமகளிடம் சொல்லிவிடு. அவள் இரண்டு நாள் பேசமாட்டாள், அப்புறம் சரியாகிவிடும், உன் அம்மாவோடு பழகியவன் சொல்கிறேன். பிறகு டாக்டரிடம் போய், "நான் நடக்கவே இல்லைங்க" என்று சொல். அவர் ஊசிதான் என்று சொன்னால் போட்டுக்கொள். அதில் வெட்கம் இல்லை. ஆனால் உன் உடம்பைப் பார்த்து அவர் அதைச் சொல்லட்டும். வாட்ச்மேன் மேல் கோபப்படாதே, அவரைக் காட்டிக்கொடுத்தது போலவும் ஆகிவிடக் கூடாது. கடிகாரத்தை வாங்கிக்கொள்வதானால் கையைப் பிடித்து நன்றி சொல்லி வாங்கிக்கொள். பொங்கலுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடாதே. ஆபீஸ் போட்டியில் கடைசியாக வந்தால் வந்துவிட்டுப் போ. நான் இந்த வயதில் அங்கன்வாடியில் சின்னப் பலகையில் உட்கார்ந்து, என்னைவிட மூத்த கிழவிகள் எல்லாம் முந்திப் படிக்க, கடைசியாகத்தான் படித்தேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று மலைக்காதே. நீ ஊருக்கு வந்து ஏர் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே முதல் மாதம் கால் வீட்டை விட்டு நகரவில்லை. மொபெட் சாவி ஆணியில் தொங்குகிற வரைக்கும் என் கை அங்கேதான் போகும். ஒரு நாள் சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தாள். வண்டி வேண்டுமென்றால் எங்கே, எதற்கு, யாரைப் பார்க்க என்று ஒரு விசாரணை நடக்கும். அந்த விசாரணைக்குப் பயந்தே நடந்து போய்விட்டு வந்துவிடுகிறேன். காலை டீ குடித்த கிளாஸைக் கழுவி வைத்ததும் செருப்பு மாட்டுவது என்று வைத்துக்கொண்டேன். இப்போது கிளாஸைக் கவிழ்த்ததுமே கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. மனசு வராத நாளில் அதனோடு சண்டை போடுவதில்லை. மதகு வரைக்கும் மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று பேரம் பேசுவேன். மதகு வந்ததும் திரும்புவதற்குச் சோம்பலாக இருக்கும், அப்படியே போய்விடுவேன். உனக்கு உன் வீட்டில் என்ன சாவி, என்ன மதகு என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். பாப்பாவை ஸ்கூல் வேனுக்கு விடப் போகும்போது நீ நடந்து போ. அவளை மட்டும் என்னை மாதிரித் தூக்கிக்கொண்டு போகாதே. அவள் ஓடினால் ஓடவிடு.

நேற்று வரைக்கும் எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாட்ச்மேன் வருகிற இடத்தையும் மருமகள் போன் செய்ததையும் விட்டுவிட்டுப் படித்தேன். "என்ன நடுவுல நடுவுல முழுங்குறீங்க?" என்றாள். "எழுத்துப் புரியல" என்றேன். "நீங்க எழுதுனதுதானே?" என்றாள். எழுந்து போகும்போது, "புள்ளையக் குத்திக் காட்டி எதுவும் எழுதிடாதீங்க. அன்னைக்கு அந்த வாத்தியாரு வந்து கேட்டப்ப நானும்தான் சும்மா இருந்தேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவள் அதை நினைவு வைத்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. நீயும் வைத்திருப்பாய் என்று அப்போதுதான் தோன்றியது. என்னை மன்னித்துவிடு என்று எழுத நினைத்தேன். ஆனால் நீ "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிடுவாய், அதோடு முடிந்துவிடும். மன்னிக்க வேண்டாம், நட. அது போதும் எனக்கு.

நாளைக்கு இதைத் திருவையாற்றில் நானே தபாலில் போடுவேன். உறையின் மேல் விலாசமும் நானே எழுதுவேன். கிடைத்ததும் சேர்ந்தது என்று ஒரு சொல் அனுப்பு, நானே படித்துக்கொள்வேன். அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு நீ வரும் நேரத்துக்கு நான் வாய்க்கால் கரையில் நின்று போன் செய்வேன். எடுத்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கி நட. நானும் இங்கே நடப்பேன். தெருமுனை வரைக்கும் என்றால் தெருமுனை வரைக்கும். நடுவில் உட்கார வேண்டும் போல இருந்தால், உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார், நானும் இங்கே கரையில் உட்காருகிறேன். என்ன பேசுவது என்று யோசிக்காதே. நீ ஒன்றும் பேச வேண்டாம். உனக்கு மூச்சு இரைப்பது எனக்குக் கேட்டால் போதும். அதை யாரிடமும் கொடுத்து அனுப்ப முடியாது.

உன் அப்பா